வெள்ளை மாளிகை மறைக்காத நோய்

இன்னைக்கு நாம பேசப்போறது மார்பகப் புற்றுநோயைப் பத்தி. ஆனா இது டாக்டர் அட்வைஸ் எபிசோட் இல்ல, வரலாறு எபிசோட். ஒரு பெண் தனக்கு வந்த நோயை ஒளிக்காம வெளியே சொன்னாங்க. அதனால என்னெல்லாம் மாறுச்சுன்னு பார்க்கலாம்.

முதல்ல 1893-க்குப் போவோம். அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லேண்டுக்கு வாயோட மேல்பக்கத்துல ஒரு கட்டி. அறுவை சிகிச்சை நடந்தது. ஆனா ஆஸ்பத்திரியில இல்ல, ஒரு உல்லாசப் படகுல, யாருக்கும் தெரியாம! பல் பிடுங்கினாங்கன்னு ஊருக்குக் கதை சொன்னாங்க. சிகிச்சை செய்த குழுவில் இருந்த ஒரு டாக்டரே எழுதி, முழு உண்மை வெளியே வர 24 வருஷம் ஆச்சு.

அதிகாரத்துல இருக்கிறவங்க நோயைக் காட்டிக்கக் கூடாது என்பதுதான் அன்றைய எழுதப்படாத சட்டம். அதுவும் பெண்ணோட மார்பு, கூடவே புற்றுநோய். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் பொது இடத்துல சொல்லவே தயங்கின காலம் அது. நம்ம வீடுகள்லயும் ‘அந்த வியாதி’ன்னு குரலைத் தாழ்த்திச் சொல்ற பழக்கம் இன்னும் முழுசாப் போகல, இல்லையா?

இப்போ 1974. வாட்டர்கேட் ஊழலால ஆகஸ்ட் 9 அன்னைக்கு நிக்சன் பதவி விலக, ஜெரால்டு ஃபோர்டு அதிபர் ஆகிறார். அவர் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு வயசு 56. செப்டம்பர் 26 அன்னைக்குத் தன் உதவியாளர் செக்கப்புக்குப் போறப்போ, அவங்களும் கூடப் போறாங்க. வலியோ தொந்தரவோ எதுவும் இல்ல. டாக்டர் கையால தொட்டுப் பார்க்கிறப்போ வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுது. இரண்டே நாள்ல, செப்டம்பர் 28, அறுவை சிகிச்சை.

அந்தக் காலத்து நடைமுறை கொஞ்சம் கொடுமையானது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பாங்க. கட்டியை எடுத்து, உறையவெச்சு, அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. புற்றுநோய்னா அதே மயக்கத்திலேயே மார்பகத்தை எடுத்துடுவாங்க. ஆக, உள்ளே போற பெண்ணுக்குத் தன் மார்பகம் இருக்குமா இருக்காதா என்பது கண் விழிச்ச பிறகுதான் தெரியும். எடுக்கிறதும் மார்பகம் மட்டும் இல்ல. அடியில் இருக்கிற தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள் எல்லாமே போயிடும். வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் 1894-ல் விவரிச்சு எழுதின முறை அது. 80 வருஷம் கழிச்சு அதிபரின் மனைவிக்கும் அதே சிகிச்சைதான்.

இங்கதான் பெட்டி ஃபோர்டு வித்தியாசப்படுறாங்க. என்ன நோய், என்ன சிகிச்சை, முடிச்சுகள்ல பரவியிருந்ததா என எல்லாத்தையும் வெளியே சொல்ல ஒத்துக்கிட்டாங்க. முதல்ல பேசினவங்க அவங்கதான்னு சொல்ல முடியாது. நடிகை ஷெர்லி டெம்பிள் 1972-லேயே தன் நோயைப் பத்திப் பேசியிருந்தாங்க. ஆனா வெள்ளை மாளிகையிலிருந்து வந்த செய்தியோட வீச்சு வேற. ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிஞ்சது. பரிசோதனை மையங்களுக்குப் பெண்கள் திரண்டு வந்தாங்க.

அடுத்த சில வாரத்திலேயே, துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவி ஹாப்பி, தன் மார்பில் ஒரு கட்டியைத் தானே கண்டுபிடிச்சாங்க. அக்டோபர் 17-ல் அவங்களுக்கும் அறுவை சிகிச்சை.

அந்தச் சமயத்து அமெரிக்கப் புள்ளிவிவரத்தைப் பார்த்தா, புதுசா கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய் திடீர்னு எகிறி நிற்கும். நோய் திடீர்னு பெருகிடுச்சா? இல்ல. ஏற்கெனவே உடம்புக்குள்ள இருந்தது கணக்குக்கு வந்தது, அவ்வளவுதான். தேடினாங்க, கிடைச்சது.

அதே 1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளரும் தன் மார்பில் கட்டியைக் கண்டுபிடிச்சாங்க. அவங்க கேட்ட கேள்வி எளிமையானது: “முதல்ல பரிசோதனை முடிவைச் சொல்லுங்க, பிறகு நான் யோசிச்சு முடிவெடுக்கிறேன்.” இதுக்கு ஒத்துக்கிற டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இந்தப் போராட்டத்தோட பலனா, 1979-ல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு பரிசோதனையையும் சிகிச்சையையும் தனித்தனியா செய்யணும்னு பரிந்துரைச்சது. 1985-ல் பெர்னார்டு ஃபிஷர் குழுவின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: சின்னக் கட்டிகளுக்கு, கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைக்கிற வாய்ப்பு குறையல. ஆக, சீக்கிரம் கண்டுபிடிக்கிறது உயிருக்கு மட்டும் இல்ல, மார்பகத்துக்கும் லாபம் என்றானது.

பெட்டி ஃபோர்டு அதுக்கப்புறம் 37 வருஷம் வாழ்ந்து, 2011-ல் 93 வயசுல இறந்தாங்க. ஆனா ஒருத்தர் பிழைச்சதை வெச்சு, சீக்கிரம் கண்டுபிடிச்சா எல்லாருக்கும் பலன் உண்டுன்னு நிரூபிக்க முடியாது. அதுக்குப் பெரிய ஆய்வு வேணும். அப்படி ஒண்ணு நம்ம நாட்டிலேயே நடந்தது.

மும்பை, 1998. டாடா நினைவு மருத்துவமனை 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரிச்சது. ஒரு பிரிவுக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை, கையால தொட்டுப் பரிசோதனை செஞ்சாங்க. மேமோகிராம் கருவி இல்ல, கைதான் கருவி.

2021-ல் வெளியான முடிவு இது. பரிசோதனை செய்த பிரிவில் முற்றிய நிலையில கண்டறியப்பட்டவங்க 37 சதவீதம், இன்னொரு பிரிவில் 47 சதவீதம். 50 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியல. எல்லா வயசையும் சேர்த்துப் பார்த்தாலும் இறப்பு குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ற அளவுக்குப் புள்ளிவிவரம் இடம் தரல. அதையும் நேர்மையா சொல்லணும்.

இதைக் கேட்கிற பலருக்கு வயசு இருபதுகள்ல இருக்கும். ‘எனக்கு எதுக்கு இது?’ன்னு தோணலாம். உங்க அம்மா, அத்தை, சித்திக்கு 50 நெருங்கியிருக்குமே! மார்பிலோ அக்குளிலோ புதுசா ஒரு கட்டி, தோல் குழிவிழுறது, காம்பு உள்ளே இழுத்துக்கிறது, ரத்தக் கசிவு. இதுல எது இருந்தாலும், வலி இல்லைன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டணும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்ல. எது புற்றுநோய், எது இல்லைன்னு வீட்ல உட்கார்ந்து முடிவு பண்ண முடியாது என்பதுதான் விஷயம்.

பெட்டி ஃபோர்டுக்கு ஒரு நாடே பார்க்க, பேச வேண்டியிருந்தது. நாம பேச வேண்டியது ஒருத்தர்கிட்ட மட்டும்தான். இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட கேளுங்க: “கடைசியா எப்போம்மா செக்கப் போனே?”

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.