கூதிர்காலமும் இல்ல அலங்காரமும்: சேர்வராயன் மலையின் வரலாற்றிலிருந்து

பருவம் மாறும்போது மனிதன் ஆடையை மாற்றிக்கொள்வது போலவே, உறைவிடத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்கிறான். வீடுகளை அமைதி பெறும் இடமாக ஆக்கியதையும், கம்பளியிலிருந்தும் உரோமத்திலிருந்தும் வீட்டுப் பொருட்களை அளித்ததையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் திருக்குர்ஆனில் (16:80) எடுத்துரைக்கின்றான். எனவே இல்லத்தை அழகுபடுத்துவது நன்றி செலுத்தும் வழியாகவும் அமையலாம். பெருமை தேடும் வழியாகவும் மாறலாம்.

மேலைநாட்டார் இலையுதிர்காலம் எனக் கொண்டாடும் பருவத்தை அரபியர் 'கரீஃப்' என்பர். நம் நாட்டு 'காரிஃப்' பயிர்ப் பருவத்தின் பெயர் அச்சொல்லிலிருந்தே வந்தது. தமிழரோ ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். இங்கு அது வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் வரும் காலம்.

அக்காலத்தில் தமிழர் இல்லம் எவ்வாறு மாறியது என்பதைச் சங்க நூலான நெடுநல்வாடை காட்டுகிறது. கோடையில் உதவிய விசிறி பயனின்றித் தொங்குகிறது. சந்தனம் அரைக்கும் கல் ஓய்ந்து கிடக்கிறது. காற்று வரும் சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. மக்கள் குளிர்ந்த நீரை விலக்கி, நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். அந்த மாற்றங்கள் யாவும் தேவையிலிருந்து பிறந்தவை.

மலைமேல் வந்த கணப்படுப்பு

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த சேலம் பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தோட்டங்களும் பங்களாக்களும் எழுந்தன.

மலைவாழ் மக்கள் மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு குளிருக்கேற்ற வீடுகளை முன்பே அமைத்திருந்தனர். தோட்ட முதலாளிகளோ கணப்படுப்பும் புகைபோக்கியும் கொண்ட அறைகளைக் கட்டினர். அவர்கள் நாட்டில் அக்டோபரில் இலைகள் செம்மை பூண்டு உதிரும். ஏற்காட்டின் காப்பிச் செடியும், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் ஆண்டு முழுவதும் பசுமையானவை. தாய்நாட்டின் பருவத்தைத் தோட்டத்தில் காண இயலாதவர்கள், அதன் நினைவை வரவேற்பறையின் நெருப்பருகே தேடினர் எனலாம்.

அவ்வறைகளில் மணந்த காப்பிக்கு நம் சமூகத்தோடு பழைய உறவு உண்டு. ஏமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய பானம் அது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து, கன்னட நாட்டின் சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிச் செய்தி.

அழகுக்கு மார்க்கம் வகுத்த அளவு

அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அழகை விலக்கியவர் யார் எனத் திருக்குர்ஆன் (7:32) வினவுகிறது. அதற்கு முந்தைய வசனமே வீண்விரயத்தைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாது அகற்றினார்கள்; கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை போர்த்துமாறு நாம் ஏவப்படவில்லை என்ற கருத்தை உணர்த்தினார்கள். அன்னையார் அதைத் துண்டாக்கி, பேரீச்ச நார் திணித்து இரு தலையணைகள் செய்தபோது அதைக் குறை கூறவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தி, சுவரை மறைப்பது ஹராம் என்பதைக் காட்டாது, விரும்பத்தகாதது என்பதையே காட்டுகிறது என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். சுவரில் தொங்கிய துணி, சாய்ந்திருப்போருக்குப் பயன்படும் பொருளாயிற்று.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, உறங்கச் செல்லுமுன் நெருப்பை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர்காயும் மலைவாழ் குடும்பங்களுக்கு இது உயிர்காக்கும் அறிவுரை. எரியும் கரியிலிருந்து எழும் நச்சுவாயு மணமற்றது. உறங்குபவர் அறியாமலே உயிரைப் பறிப்பது.

இன்றைய இல்லங்களுக்கு

இணையத்தில் காணும் பிளாஸ்டிக் இலைகளும் செயற்கைப் பூசணிகளும் நம் மண்ணின் பருவத்தோடு தொடர்பற்றவை. கூதிர்காலத்திற்கு நமக்கு வேண்டுவன வேறு. ஒழுகும் கூரையைச் செப்பனிடுதல், கம்பளிகளை வெயிலில் உலர்த்துதல், குளிர்ந்த தரைமேல் பாய் விரித்தல், விருந்தினருக்கென ஒரு படுக்கையை ஆயத்தமாக வைத்தல் ஆகியன அவை. நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பங்கள் கோரையில் நெய்யும் பாய் ஒன்றே ஓர் அறைக்குப் போதிய அழகு தரும். அண்டை வீட்டில் போர்வையின்றி நடுங்குபவர் இருப்பின், நம் அலங்காரச் செலவில் அவருக்கும் பங்கு உண்டு.

நம் இல்லங்களை அமைதியின் உறைவிடங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.