ரோகு வந்த பாதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எங்கள் வீட்டு வழக்கமான சண்டை. வீட்டம்மாவுக்கு வஞ்சிரம் வேண்டும். விலையைக் கேட்டதும் எனக்கு ரோகு மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும் :-) "குளத்து மீன், ஒரே முள்ளு, மண் வாசனை" என்பாள். ஆர்.கே.புரம் வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

பக்கத்தில் நின்ற வங்காளிப் பெரியவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "சாலானி" என்று உதட்டைப் பிதுக்கினார். வெளியூர்ச் சரக்கு என்று அர்த்தம். கல்கத்தாவில் ஆந்திர மீனுக்கு அதுதான் பேர். அவர் சொன்னது சரிதான். கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளத்தில் வளர்ந்து, ஐஸ் பெட்டியில் ஏறி, 1,700 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து வந்த மீன் அது.

இந்தப் பயணத்தின் தொடக்கம் ஒரு ஊசியில் இருக்கிறது. ரோகு, கட்லா எல்லாம் குளத்தில் நன்றாக வளரும், ஆனால் முட்டையிடாது. அதற்கு வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் மழைக்காலத்தில் கங்கையில் வலை போட்டுக் குஞ்சு பிடிப்பார்கள். நல்ல மீன், வேண்டாத மீன் எல்லாம் கலந்து வரும். மண்பானையில் ரயிலேற்றி, தண்ணீரில் காற்று கலக்க வழியெல்லாம் பானையைக் கையால் ஆட்டிக்கொண்டே போவார்கள். வழியில் செத்தது போக மிச்சம்தான் வியாபாரம்.

1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி இதை மாற்றினார். இன்னொரு மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாறை ஊசியாகப் போட்டு, தேங்கிய தண்ணீரிலேயே கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆக, குஞ்சுக்கு ஆற்றை நம்பி இருக்க வேண்டாம். அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

வங்காளத்துக்குத் தின்னத் தெரியும், ஆனால் மீன் போதவில்லை. ஆந்திராவில் தண்ணீரும் நிலமும் இருந்தன. 1976 வாக்கில் ஆந்திர அரசு கொல்லேறு மக்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் குளம் வெட்டிக் கொடுத்தது. லாபம் தெரிந்ததும் பணக்காரர்கள் குத்தகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள், ஏரி குளம் குளமாகச் சுருங்கியது. 1999-ல் சரணாலயம், 2002-ல் ராம்சர் பட்டியல் என்று ஆன பிறகு, 2006-ல் அரசே ஐந்தடி மட்டத்துக்குள் இருந்த கரைகளை வெடி வைத்து உடைத்தது. மீன் வளர்ப்பு நின்றதா? இல்லை. சுற்றியிருந்த நெல் வயல்களும் குளமாகிவிட்டன.

சந்தைக்குப் போகும் தூரம்தான் இந்தத் தொழிலின் பலவீனம். 2018 ஜூலையில் ஃபார்மலின் புகார் கிளம்பி, அஸ்ஸாம் பத்து நாள் ஆந்திர மீனுக்குத் தடை போட்டது. 2019 ஜனவரியில் பாட்னாவும் அதே மாதிரி செய்தது. மீன் தண்ணீரில் காத்திருக்கும் என்பார்கள். ஆனால் தீவனக் கணக்கு காத்திருக்காதே.

இங்கேதான் என் பழைய ஃபைல் ஒன்று உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தஞ்சைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். ஒருவர் குத்தகைக் குளத்துக்குக் கடன் கேட்டு வந்தார். நிலம் அவருடையது இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனை எண்ணி ஈடு பிடிக்கவும் முடியாது. "செக்யூரிட்டி இல்லை" என்று எழுதித் திருப்பினேன். விதிப்படி சரிதான். அவர் மீன் வியாபாரியிடமே முன்பணம் வாங்கினார். அறுவடை அன்று விலை சொன்னது அந்த வியாபாரிதான். வேறு ஆளுக்கு விற்க அவருக்கு உரிமை இல்லை. அடுத்த வருஷம் குளத்தை விட்டுவிட்டார்.

கிசான் கிரெடிட் கார்டு மீன் வளர்ப்பவர்களுக்கும் உண்டு என்று பட்ஜெட்டில் சொன்னது 2018-ல்தான். சௌதுரியின் ஊசிக்கு 61 வருஷம் கழித்து!

போகட்டும். அன்றைக்கு ரோகுதான் வாங்கினோம், முக்கால் கிலோ. புளி தூக்கலாகப் போட்டு வைத்தாள். முள்ளைப் பற்றி மட்டும் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.