குடற் பற்றீரியாக்களும் நச்சுப் பொருள்களும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தமிழர் பழமொழி. அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகின்றது என்னும் கருத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பராசெல்சசு என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவரும் வற்புறுத்தினார். நச்சியல் நெடுங்காலம் இவ்வடித்தளத்தின்மீதே எழுப்பப்பட்டு வந்தது. எனினும், பொருளும் அளவும் ஒன்றாயிருக்க, ஓர் உயிர் நலிவதும் மற்றோர் உயிர் தீங்கின்றித் தப்புவதும் ஏன் என்னும் வினாவுக்கு அக்கொள்கை முழு விடை தரவில்லை. அவ்விடையின் ஒரு பகுதி குடலில் வாழும் பற்றீரியாக்களிடத்து உண்டு என்பதை உலகம் படிப்படியாகவே அறிந்தது.

பிரெஞ்சு அறிஞர் பாச்சர் 1885ஆம் ஆண்டில், நுண்ணுயிர்களின் துணையின்றி விலங்குகள் வாழ்தல் இயலாதெனக் கருதினார். பத்தாண்டின் பின் பேளின் நகரில் நட்டால், தியர்பெல்டர் என்னும் இருவர் நுண்ணுயிரற்ற சூழலிற் கினிப்பன்றிக் குட்டிகளைச் சில நாள் வளர்த்துக் காட்டினர். இம்முயற்சியிலிருந்து வளர்ந்த முறையே, பிற்காலத்திற் குடற் பற்றீரியாக்களின் தொழிலை உடலின் தொழிலிலிருந்து பிரித்தறியும் கருவியாயிற்று.

அடுத்த திருப்பம் மருத்துவத் துறையில் நிகழ்ந்தது. செருமனியின் பேயர் நிறுவனத்திற் கிளாரர், மீட்சு ஆகியோர் தயாரித்த புரொன்ரோசில் என்னும் செஞ்சாயம் பற்றீரிய நோயுற்ற சுண்டெலிகளைக் காத்ததை 1932இல் டோமாக் கண்டார். 1935இல் அதனை வெளியிட்டார். விந்தை யாதெனில், உடலினுட் பற்றீரியாவை அடக்கிய அம்மருந்து சோதனைக் குழாயில் யாதும் செய்யவில்லை. அதே ஆண்டிற் பாரிசு நகரத்துப் பாச்சர் நிலையத்தைச் சேர்ந்த திரெபுவெல் தம்பதியர், நிற்றி, போவே ஆகியோர் இப்புதிரை அவிழ்த்தனர். சாயத்தின் இரு நைதரசன் அணுக்களுக்கிடையிலுள்ள பிணைப்பு உடலினுள் அறுபட, சல்பனிலமைட்டு வெளிப்பட்டது. அதுவே உண்மை மருந்து. இவ்வறுத்தலிற் குடற் பற்றீரியாக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. மருந்தை விடுவிக்கும் இச்செயலே நஞ்சையும் விடுவிக்க வல்லது. பென்சிடீனை மூலமாகக் கொண்ட அசோச் சாயங்கள் உடலினுட் செல்லின், அதே பிணைப்பு அறுபட்டு, சிறுநீர்ப்பையிற் புற்றுநோய் விளைக்கும் பென்சிடீன் தோன்றும்.

1960களில் இதற்குத் திட்டமான சான்று கிடைத்தது. பசிபிக் சமுத்திரத்துக் குவாம் தீவினர் உணவாகக் கொண்ட சைக்கசு வித்துக்களிற் சைக்கசின் என்னும் பொருள் உண்டு. அதனை உண்ட சாதாரண எலிகளின் ஈரல் நலிந்தது, கட்டிகளும் தோன்றின. நுண்ணுயிரற்ற எலிகளோ அதனைப் பெரும்பாலும் மாற்றமின்றியே வெளியேற்றித் தீங்கின்றி இருந்தன. பற்றீரியாக்களின் நொதியம் சைக்கசினிலிருந்து வெல்லப் பகுதியைப் பிரித்த பின்னரே நஞ்சு பிறந்தது.

இதற்கு மறுதலையான பாடத்தை யப்பான் தந்தது. மினமாற்றா நகரில் அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்த சிசோ தொழிற்சாலையின் கழிவு கடலிற் கலந்தது. அதிலிருந்த மெதயில் இரசம் மீனிலும் சிப்பியிலும் செறிந்து, அவற்றை உண்ட மக்களின் மூளையையும் நரம்புகளையும் தாக்கியது. தாய் நோயின்றித் தோன்றியபோதும் கருவிலிருந்த குழவி ஊனமுற்றுப் பிறந்த கொடுமையும் ஆங்கு நேர்ந்தது. 1956 மே 1ஆம் நாள் நோய் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் அதன் காரணத்தை ஏற்றதோ 1968 செப்டெம்பரிலேயாம். மெதயில் இரசத்தைக் குடற் பற்றீரியாக்கள் எளிதில் உறிஞ்சப்படாத அசேதன இரசமாக மாற்றி, மலத்தோடு கழிய உதவுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் உடலில் இரசம் மிகுதியாகத் தங்கியது. பால்குடிக் குட்டிகள் அதனை மிக மெதுவாகவே கழித்தன. பால் மறந்து, குடலின் உயிர்க்கூட்டம் மாறிய பின்னரே கழிவு விரைந்தது.

2008ஆம் ஆண்டிற் சீனாவில், புரதத்தின் அளவை மிகைப்படுத்திக் காட்டுதற்பொருட்டுப் பாலில் மெலமின் கலக்கப்பட்டது. ஏறக்குறைய 300,000 குழந்தைகள் பாதிப்புற்றனர், அறுவர் உயிரிழந்தனர். 2013இல் வெளியான எலி ஆய்வொன்று, குடலிலுள்ள கிளெப்சியெல்லா பற்றீரியாக்கள் மெலமினைச் சயனூரிக் அமிலமாக மாற்ற வல்லன என்றும், அவ்வமிலமும் மெலமினும் கூடிச் சிறுநீரகத்திற் கல்லாகப் படிகின்றன என்றும் காட்டியது. பற்றீரியாக்களை மருந்தால் அடக்கியபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது.

ஆகவே, குடலின் உயிர்க்கூட்டத்தை நண்பனென்றோ பகைவனென்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. அது மெதயில் இரசத்தின் முன் காவலனாகவும், சைக்கசினின் முன் நஞ்சின் துணைவனாகவும் நிற்கின்றது. எனவே ஒரு பொருளுக்குப் பாதுகாப்பெல்லை வகுப்போர் பொருளையும் அளவையும் மட்டுமன்றி, அது சென்றடையும் குடலையும், சிறப்பாகக் குழந்தையின் குடலையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆனால் மினமாற்றாவிலும் சீனாவிலும் நேர்ந்த துன்பத்திற்குப் பற்றீரியாமீது பழி சுமத்துதல் தகாது. கழிவைக் கடலிற் கொட்டியதும் பாலிற் கலப்படம் செய்ததும் மனிதரே. உடலினுள் நிகழும் மாற்றத்தை ஆராய்ந்தறிவது விஞ்ஞானத்தின் கடன். உடலினுள் நஞ்சு புகாமற் காப்பது சமுதாயத்தின் கடன்.