கோடரிக் காம்பும் மரத்தின் நிறமும்

வைரம் பாய்ந்த மரமே உறுதியானது என்பது நம் ஊர்களில் வழங்கும் நம்பிக்கை. மரத்தின் கருமையை நாம் வலிமையின் அடையாளமாகக் கொள்கிறோம். அமெரிக்க மரவெட்டிகளோ நேர்மாறாக நம்பினார்கள். கோடரிக் காம்பு வெள்ளையாக இருக்க வேண்டும். நிறம் கறுத்த மரம் ஆகாது என்றார்கள். இவ்விரண்டில் எது சரி?

ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் தாயகத்தில் ஆஷ் மரத்தில் காம்பு செய்து பழகியவர்கள். புதிய நாட்டில் அதனினும் மேலான ஹிக்கரி மரத்தைக் கண்டார்கள். அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் அதிர்ச்சியைத் தாங்குவதில் இணையற்றது. சுமார் 23 கிலோ எடையுள்ள சம்மட்டியைப் படிப்படியாக உயரத்தைக் கூட்டி மரச் சட்டத்தின் மீது விழச் செய்து சோதிப்பார்கள். அமெரிக்க வெள்ளை ஆஷ் ஏறக்குறைய 110 செ.மீ. உயரத்தில் முறிகிறது. ஹிக்கரியின் ஒரு வகையோ 170 செ.மீ. வரை தாங்குகிறது.

ஹிக்கரியின் வெளிப்பகுதியான சாற்றுக்கட்டை வெண்மை. உட்பகுதியான வைரக்கட்டை செம்பழுப்பு. வெள்ளைக் காம்புக்கே சந்தையில் மதிப்பு. சிவந்தது தரம் தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்டது. முதிய மரங்களில் வைரக்கட்டையே மிகுதி. எனவே நல்ல மரம் பெருமளவில் வீணாயிற்று.

1910-ல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கு நடந்த சோதனைகள் இவ்வழக்கைத் தீர்த்து வைத்தன. குறையில்லாத இரு துண்டுகள் ஒரே அளவும் எடையும் கொண்டிருந்தால், சிவப்பாயினும் வெள்ளையாயினும் வலிமை ஒன்றே!

காரணம் எளியது. மரம் முதிரும்போது உட்பகுதிச் செல்கள் இறந்து, அவற்றில் நிறப்பொருள்கள் படிகின்றன. சுமையைத் தாங்குவது செல்சுவர். ஹிக்கரியில் அச்சுவர் நிறமேறுவதால் வலிமை இழப்பதில்லை. முதிய மரத்தின் வெளி வளையங்கள் மிக நெருங்கி, எடை குறைந்து அமைவதும் உண்டு. அப்போது வெள்ளைத் துண்டே முதலில் முறியும்.

அப்படியானால் நம் நம்பிக்கை தவறா? முழுவதும் தவறன்று. பல மரங்களின் வைரக்கட்டையில் படியும் பொருள்கள் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கின்றன. தூணுக்கும் நிலைக்கும் அது பெரும் நன்மை. ஆனால் நெடுநாள் உழைப்பது வேறு. திடீர் அடியைத் தாங்குவது வேறு.

ஆகவே கையால் காம்பு செதுக்க விரும்புவோர் கறுத்த மரத்தைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அழுகலால் வந்த கறையா என்று மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும். பிறகு துண்டைக் கையில் எடுத்து எடையைப் பாருங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா என்று கவனியுங்கள். நார் குறுக்கே ஓடினால் காம்பு அங்கேதான் பிளக்கும். வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்த கட்டை நாரின் போக்கிலேயே பிரியும். கோடரி வீசும்போது காம்பு முறிந்தால் இரும்பு யார் மீது பாயும் என்று சொல்ல முடியாது. அந்த ஆபத்திலிருந்து காப்பது நாரும் எடையுமே, நிறமன்று.