தெத்துப்பல் என்ற ஒரு சொல்லுக்குள்: போனக்காட்டை முன்வைத்து மிகைப்பல், இடம் மாறிய பல் குறித்து

2019 ஜூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்த செய்தி உலகமெங்கும் பரவியது. வலது தாடைக்குள் பை போன்ற ஒரு கட்டி. எடை சுமார் 200 கிராம். எலும்பைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேலிருந்து துளையிட்டு அதை வெளியே எடுத்தார்கள். பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள். அளவு 0.1 மில்லிமீட்டர் முதல் 15 மில்லிமீட்டர் வரை. குருணை போலக் கிடந்தவற்றிலும் தலை, வேர், மேலே எனாமல் போன்ற பூச்சு என்று பல்லின் அமைப்பு இருந்தது. எல்லோரும் அந்த எண்ணிக்கையைப் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது செய்தியின் ஓரத்தில் கிடந்த வேறொரு விவரம். வீக்கத்தைப் பெற்றோர் அவனுடைய மூன்று வயதிலேயே கவனித்திருக்கிறார்கள். அப்போது குழந்தை பரிசோதனைக்கு இடம் கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

மிகைப்பல்லோ இடம் மாறிய பல்லோ எவ்வளவு தொல்லை தரும் என்பதைப் பெரும்பாலும் அதைக் கண்டறிந்த வயதே முடிவு செய்கிறது என்பது என் வாதம். நகரத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். போனக்காட்டிலிருந்து பார்த்தால் இதன் கனம் புரியும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு மேலே, அகஸ்தியகூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம் அது. தேயிலைத் தோட்டம் நொடித்து, தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் தலைநகரம் இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே இங்கே சிகிச்சையின் செலவைப் பஸ் பயணங்களாகத்தான் கணக்கிட வேண்டும்.

நேரத்தில் கண்டறிவதற்கு முதல் தடை சொல்லிலேயே இருக்கிறது. தெத்துப்பல் என்கிறோம், சிங்கப்பல் என்று கொஞ்சுகிறோம். பக்கத்து வீட்டு மலையாளத்தில் கோந்திரப்பல்லு. சிரித்தால் லட்சணம் என்பார்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். ஜப்பானியரும் யாயேபா என்று பெயரிட்டு அதை அழகாகக் கொண்டாடுவதுண்டு. ஆனால் கோணல் பல் எல்லாம் ஒரே சங்கதி அல்ல. உதட்டுப் பக்கம் தள்ளி நிற்கும் மேல் கோரைப்பல் பெரும்பாலும் இடநெருக்கடியால் வருவது. அது 11, 12 வயதில் தாமதமாக வந்து சேர்கிறது, அதற்குள் வரிசை நிரம்பிவிடுகிறது. மிகைப்பல் வேறு; அது கணக்குக்கு மேல் உண்டாகும் பல். நிரந்தரப் பற்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதைக் காணலாம். ஆண்களில் ஏறக்குறைய இரு மடங்கு. பல் முளைக்கும் திசுப்பட்டை அளவுக்கு மீறி வேலை செய்வதால் உண்டாகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உதட்டுப் பிளவோடும் சில மரபணுக் கோளாறுகளோடும் அது சேர்ந்து வருவதுண்டு. அது அதிகம் தோன்றும் இடம் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே. கூம்பு வடிவில் வெளியே வந்துவிட்டால் யார் கண்ணிலும் படும். முடிச்சு முடிச்சாகத் தடித்த வகையோ வெளியே வருவதே அபூர்வம். முன்பல்லின் பின்னால் படுத்துக்கொண்டு அதன் வழியை மறித்துவிடும்.

மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கோரைப்பல் திசைமாறி அண்ணத்துக்குள் போய்விடுகிறது. வெளியே ஒரு கோணலும் தெரியாது. பால்பல் விழாமல் உறுதியாக நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே அந்தக் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கலாம்.

இதைப் பிடிக்க ஒரு விரல் போதும். ஒன்பது, பத்து வயதுக் குழந்தையின் மேலுதட்டைச் சற்றே தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் சுட்டுவிரலால் மெதுவாகத் தடவ வேண்டும். புளியங்கொட்டை போல ஒரு மேடு தட்டுப்பட்டால் பல் சரியான வழியில் இறங்குகிறது. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் வெறும் பள்ளமும் என்றால் அந்தக் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குழாயைச் சற்று நகர்த்தி இரண்டு படம் எடுத்தால், புதைந்த பல் குழாய் போன திசையிலேயே நகர்கிறதா என்று பார்த்து அது அண்ணத்துப் பக்கம் இருப்பதை அறியலாம். கிளார்க் என்பவர் 1910இல் சொன்ன முறை இது.

சுவீடனின் எரிக்சனும் குரோலும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கினார்கள். அண்ணத்துக்குள் திரும்பியிருந்த 46 பற்களில் 36 தாமாகவே வழிக்கு வந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அந்த 78 சதவீதத்தை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. திசை மட்டும் தெளிவு. அந்த வயது தாண்டினால் அண்ணத்தைத் திறந்து, புதைந்த பல்லில் பிடிப்பு ஒட்டி, சங்கிலியால் இழுக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாக ஒன்றரை, இரண்டு வருடம். லயத்துக் குடும்பம் எதைத் தாங்கும்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடு என்பதல்ல என் கோரிக்கை. தேவையற்ற கதிர்வீச்சை நானும் எதிர்க்கிறேன். தொல்லையில்லாத மிகைப்பல்லைச் சில வேளை அப்படியே விட்டுக் கண்காணிப்பதும் முறைதான். நடுவிலுள்ள மிகைப்பல்லைச் சின்ன வயதிலேயே எடுத்தால் பக்கத்துப் பல்லின் வளரும் வேர் கெடும் என்று சொல்வோரின் கவலையும் நியாயமானது. ஆனால் எடுப்பதா காத்திருப்பதா என்ற தர்க்கமே, அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தொடங்க முடியும்.

2013இல் வந்த ராஷ்ட்ரிய பால சுவாஸ்தியத் திட்டம் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கச் சொல்கிறது. பல் கோளாறும் அதன் பட்டியலில் உண்டு. சொத்தைப்பல் கண்ணுக்குத் தெரியும், புதைந்த பல் தெரியாது. எனவே அந்தப் பரிசோதனையில் இரண்டு வேலைகளைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்கிறேன். பத்து வயதில் மேலே சொன்ன விரல் தடவல். அதற்கு முன் எட்டு வயதில் முன்பற்களை எண்ணுதல்: ஒரு பக்கம் பெரிய பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் பால்பல்லோ வெற்று ஈறோ இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டு பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். முன்பல் எண்ணுவதற்கு மருத்துவர் வேண்டியதில்லை; வகுப்பு ஆசிரியரே செய்யலாம்.