கால் மைல் சீட்டு பிறந்த கதை

1949 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்குப் பக்கத்தில் உள்ள கோலீட்டாவில், விமானத்தளத்தை ஒட்டிய சாலையில் இரண்டு கார்கள் அருகருகே வந்து நின்றன. ஒன்று ஃப்ரான் ஹெர்னாண்டஸின் 1932 ஃபோர்டு கூப்பே. மற்றது டாம் காப்ஸின் 1929 ஃபோர்டு ரோட்ஸ்டர். காப்ஸின் எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஹெர்னாண்டஸின் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கலந்திருந்தது. இரண்டு பேரும் தங்கள் கை வேலையை நம்பி வந்தவர்கள். கொடி அசைந்தது. ஹெர்னாண்டஸ் ஜெயித்தார்.

யார் ஜெயித்தார் என்று வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. எதனால் ஜெயித்தார் என்பதை அந்தச் சாலையால் சொல்ல முடியவில்லை. எரிபொருளா, புறப்பட்ட விதமா, டயர் பிடித்ததா, எடை குறைவா? ஒரு காரை இன்னொரு காரோடு ஓட்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரே ஒரு விடை: முன்னால் வந்தது எது. நான் மாட்டிய பாகம் எனக்கு எவ்வளவு கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால், என் கார் நேற்றைய என் காரோடு போட்டி போட வேண்டும். அதற்குக் கடிகாரம் வேண்டும், அளந்து வைத்த தூரம் வேண்டும், அளந்ததை எழுதித் தர ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இன்று உலகம் முழுக்க, நின்ற இடத்திலிருந்து நேராக ஓடும் பந்தயப் பாதைகளான டிராக் ஸ்ட்ரிப்புகளில் கையில் தரப்படும் டைம் ஸ்லிப் பிறந்தது இந்தத் தேவையில்தான்.

அதற்கு முன்பும் கடிகாரம் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், ரோசமண்ட், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் உண்டு. தண்ணீர் வற்றி இறுகிய மண் தரை, கண்ணுக்கெட்டியவரை மட்டம். 1937-இல் தென் கலிபோர்னியா டைமிங் சங்கம் உருவாகி அங்கே கார்களை முறைப்படி அளக்கத் தொடங்கியது. விக் எடல்பிராக் என்ற மெக்கானிக் தன் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரில் ஏரிக்குப் போய் ஓட்டிப் பார்ப்பார். சாதாரண நாட்களில் அவர் ஊருக்குள் சுற்றியதும் அதே வண்டிதான். ஃபோர்டு வி8 எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர் உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டு ஒன்றை அவர் 1938-இல் வடிவமைத்தார். 1941 நவம்பரில் ரோசமண்டில் அந்த ரோட்ஸ்டர் மணிக்கு 121.42 மைல் எட்டியது. பாகம் விற்பவரே அந்தப் பாகத்தை மாட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் கடிகாரத்தின் கீழே ஓட்டுவது என்ற வழக்கம் இப்படிப்பட்டவர்களால் வேர்விட்டது. எடல்பிராக்கிடம் எனக்குப் பிடித்த குணம் அது. ஹெர்னாண்டஸும் அவருடைய கடையில் வேலை பார்த்தவர்தான்.

ஆனால் ஏரி அளந்தது உச்ச வேகத்தை மட்டும். நீண்ட ஓட்டம் ஓடி, மெதுவாக வேகம் ஏற்றி, கடைசியில் சிறிது தூரத்தை எவ்வளவு விரைவாகக் கடந்தாய் என்று பார்ப்பார்கள். நின்ற இடத்திலிருந்து எப்படிக் கிளம்பினாய் என்பதற்கு அங்கே கணக்கில்லை. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் ஊரில் செய்த பந்தயமோ சிக்னலுக்குச் சிக்னல், நின்ற இடத்திலிருந்து. தெருவில் ஆட்கள் அடிபட்டார்கள், போலீஸ் துரத்தியது, பத்திரிகைகள் திட்டின.

சாண்டா அனா ஊரில் கராஜ் வைத்திருந்த சி.ஜே. ஹார்ட்டை எல்லோரும் ‘பாப்பி’ ஹார்ட் என்றே கூப்பிட்டார்கள். 1950 கோடையில் அவர் கிரைட்டன் ஹண்டர், ஃப்ராங்க் ஸ்டில்வெல் என்ற இருவரோடு சேர்ந்து, ஆரஞ்சு கவுண்டி விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதையை ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்துக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்தார். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாக நடத்தப்பட்ட முதல் டிராக் ஸ்ட்ரிப் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். தட்டையான நேர்த்தரை, வெயில், இரண்டு பக்கமும் ஜனம்.

தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். கால் மைல் ஓடி முடித்த பிறகும் பிரேக் பிடித்து நிற்க ஓடுபாதையில் இடம் மிச்சம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் பந்தயம் நடக்கும்போது 402 என்ற எண் காதில் விழுந்தால், அதன் பூர்வீகம் இதுதான்.

தொடக்கத்தில் சாண்டா அனாவில் பெரிதாகப் பேசப்பட்டது எல்லைக்கோட்டு வேகம்தான், ஏரியிலிருந்து வந்த பழக்கம். புறப்பட்டதிலிருந்து எல்லைக்கோடு வரை கழிந்த நேரம் அதற்குச் சமமான மதிப்பைப் பெறச் சில வருடங்கள் ஆயின. ஆனால் வேகத்தை மட்டும் அளந்த அந்த முதல் வருடத்திலேயே ஒரு பெரிய பாடம் வெளிப்பட்டுவிட்டது. அதை ஓட்டிக் காட்டியவர் டிக் கிராஃப்ட். ஒரு பழைய ஃபோர்டிலிருந்து அவர் உடலையே கழற்றி எறிந்தார். கதவு இல்லை, கூரை இல்லை, மட்கார்டு இல்லை. இரண்டு இரும்புச் சட்டம், எஞ்சின், சக்கரம், உட்கார ஓர் இருக்கை. அதற்கு ‘தி பக்’, பூச்சி, என்று பெயர். டிராக்ஸ்டர் என்ற இனத்துக்கே அதுதான் மூத்தது என்பார்கள். மற்றவர்கள் எதை மாட்டலாம் என்று யோசித்த இடத்தில் அவர் எதைக் கழற்றலாம் என்று யோசித்தார். பாப்பி ஹார்ட்டின் மனைவி பெக்கி ஹார்ட்டும் அந்தப் பாதையில் ஓட்டிப் பல ஆண்களைத் தோற்கடித்தவர். கடிகாரத்துக்கு ஆளும் தெரியாது, பேரும் தெரியாது.

1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1953-இல் பொமோனாவில் அதன் முதல் அதிகாரப்பூர்வப் பந்தயம், 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி. கொடி அசைப்பவருக்குப் பதில் விளக்குக் கம்பம் வந்தது 1963-இல். ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று இன்றும் அழைப்பது அதைத்தான்.

இப்போது சீட்டைக் கையில் எடுப்போம். விரல் நீளத் தாள். ஒரு சாதாரணக் காருக்கு இப்படி அச்சாகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்வினை நேரம் .512. 60 அடியில் 2.310. 330 அடியில் 6.52. அரைக்கால் மைலில் 10.05. 1,000 அடியில் 13.1. கால் மைலில் 15.70 விநாடி, வேகம் 88 மைல்.

முதல் எண் ஓட்டியவருடையது, காருக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். பச்சை விளக்கு எரிந்து நீங்கள் இரண்டு விநாடி தூங்கினாலும் கீழே உள்ள நேரங்கள் மாறாது. காரணம், கடிகாரம் விளக்கைப் பார்த்து ஓடத் தொடங்குவதில்லை. புறப்படும் கோட்டில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை பாதையைக் குறுக்கே கடக்கிறது. முன்சக்கரம் அதை மறைத்து நிற்கும். சக்கரம் உருண்டு கற்றையை விட்ட கணத்தில்தான் கடிகாரம் உயிர் பெறும். கடைசி எண்ணான வேகமும் எல்லைக்கோட்டில் ஒரு புள்ளியில் அளந்ததில்லை. இன்றைய முறையில் கடைசி 66 அடியைக் கடந்த சராசரி அது.

பாகம் மாற்றியது பலன் தந்ததா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 15.70-ஐ மட்டும் பார்க்கிறார்கள். சீட்டு படிக்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணையும் கடைசி எண்ணையும். 60 அடி நேரம் டயரும் தரையும் பேசிக்கொண்டதன் பதிவு. எல்லைக்கோட்டு வேகம் எஞ்சினின் பதிவு, புறப்பாடு கொஞ்சம் சொதப்பினாலும் அது அதிகம் அசையாது. நேரம் குறைந்து வேகம் அப்படியே இருந்தால், நீங்கள் நன்றாகக் கிளம்பியிருக்கிறீர்கள், எஞ்சினில் எதுவும் நடக்கவில்லை. வேகம் ஏறி நேரம் அப்படியே இருந்தால் குதிரைத்திறன் உண்மையாகவே கூடியிருக்கிறது, டயர் அதைத் தாங்கவில்லை. 60 அடியில் பத்தில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வந்து சேரும் என்பது ஓட்டுகிறவர்களின் கைக்கணக்கு.

இந்தச் சீட்டுகள் குவியக் குவிய ஒரு விதி தெரிய வந்தது. ரோஜர் ஹண்டிங்டன் என்ற கார் எழுத்தாளர், எல்லைக்கோட்டு வேகம் குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். கனமூலம் என்ற அந்தச் சொல்லில்தான் பாகம் வாங்குபவர்களின் ஏமாற்றம் முழுக்க இருக்கிறது. நேரமும் அதே கனமூலக் கணக்கில்தான் குறைகிறது, அதைப் பாதியாக்க வேண்டுமானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். சக்தியை இரு மடங்காக்கினால் 16 விநாடி ஏறக்குறைய 12.7 ஆகும். 10 சதவீதம் கூட்டினால் கிடைப்பது 3 சதவீதம்தான்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 120 குதிரைத்திறன், ஆளோடு 1,200 கிலோ, கால் மைலுக்கு 16 விநாடி. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றி 4 குதிரைத்திறன் வந்ததாகவே ஒப்புக்கொள்வோம். சீட்டில் குறைய வேண்டியது 0.17 விநாடி. ஒரே ஆள், ஒரே கார், ஒரே பிற்பகலில் ஐந்து முறை ஓடினாலே சீட்டுகளுக்கு இடையில் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். அதே காரில் பின்சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாம் இறக்கி 50 கிலோ குறைத்தால் 0.23 விநாடி குறையும். செலவு ஒரு ஸ்பேனர் பிடித்த நேரம். டிக் கிராஃப்டின் பூச்சி 1950-இல் சொன்னதும் இதைத்தான்.

அப்படியானால் எந்த மாற்றமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கோலீட்டாவில் ஹெர்னாண்டஸ் ஊற்றிய நைட்ரோமீத்தேனைப் பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜனைச் சுமந்து வருகிறது, அதற்கு 1.7 கிலோ காற்று போதும். கிலோவுக்குக் கிலோ அதன் வெப்பம் பெட்ரோலில் கால்வாசிதான். ஆனால் எஞ்சின் இழுக்கும் அதே காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம் என்பதால், மொத்தத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமான சக்தி வரும். சூப்பர்சார்ஜரும் அப்படித்தான், உள்ளே போகும் காற்றையே பெருக்குகிறது. எஞ்சினுக்குள் எரியும் ஆக்ஸிஜனைக் கணிசமாகக் கூட்டுகிற எதுவும் சீட்டில் தெளிவாகத் தெரியும். இருக்கிற காற்று போகும் வழியை மட்டும் சற்று வழவழப்பாக்குகிற எதுவும் மங்கலாகத்தான் தெரியும்.

டயரும் அப்படி வெளிப்படையாகத் தெரிகிற ஒன்று. ரப்பருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண் 1 என்று வைத்தால், எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும் கால் மைலை 9 விநாடிக்குள் கடக்க முடியாது என்று பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும். 1950களின் பிற்பகுதியில் டிராக் பந்தயத்துக்கென்றே மென்மையான ரப்பரில், பட்டன் வெட்டாத ஸ்லிக் டயர்கள் வார்க்கப்பட்டன. அந்தச் சுவர் அப்போது இடிந்தது. இன்று மிக வேகமான வகுப்புகளில் ஒன்றான டாப் ஃப்யூல் கார்கள் 1,000 அடியை 4 விநாடிக்குள் கடக்கின்றன. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் ஓடுபாதை முடிவில் உயிரிழந்த பிறகு அந்த அதிவேக வகுப்புகளுக்குக் கால் மைல் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

சீட்டையும் ஏமாற்றுகிற ஒன்று உண்டு, அது வானிலை. 35 டிகிரி வெயிலில் ஒரு முறை ஓட்டிவிட்டு, புதுப் பாகத்தை மாட்டி, மாலையில் 20 டிகிரியில் மறுபடி ஓட்டினால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் கூடியிருக்கும். சீட்டில் தெரியும் முன்னேற்றம் சூரியன் சாய்ந்ததால் வந்தது. பாராட்டு பாகத்துக்குப் போகும். இப்படித்தான் பல பாகங்கள் பெயர் வாங்கியிருக்கின்றன என்று நினைக்கிறேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பொய் சொல்லவில்லை, இரண்டு சீட்டும் உண்மை.

இதற்கு மருந்து மூன்றாவது ஓட்டம். பழைய பாகத்தோடு சில ஓட்டம், புதியதோடு சில ஓட்டம், பிறகு பழையதையே திரும்ப மாட்டி இன்னும் சில ஓட்டம். மூன்றாம் சுற்றில் நேரம் பழைய இடத்துக்குத் திரும்பினால் பாகம் வேலை செய்கிறது. திரும்பாவிட்டால் வேலை செய்தது மாலைக்காற்று. காசு கொடுத்து வாங்கி, கை கருகச் சூடான எஞ்சினில் மாட்டிய புது ஃபில்டரை அதே மாலை கழற்றி, பெட்டியில் வைத்த பழையதைத் தேடி எடுத்து மாட்டி, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது அந்த வரிசையில் நிற்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் கையில் உள்ள சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.