மோதிரம் அணிந்த கை

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிற் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்தனர். 1950ஆம் ஆண்டு திருக்கோணமலையிற் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. திருவுருவங்கள் மட்டுமல்ல, மண்ணிற் கிடைக்கும் பழங்காசும் மோதிரமும் நம் வரலாற்றுச் சான்றுகளே. அவை எவ்வுலோகத்தாலானவை? உரைகல்லில் உரைத்தாற் பொருள் தேயும். கீறலின்றி விடை கூறவல்லது எக்ஸ்-கதிர்.

இக்கதிரை 1895 நவம்பர் 8இல் ஜேர்மனிய அறிஞர் ரொண்ட்ஜன் கண்டறிந்தார். அடுத்த மாதம் அவர் எடுத்த படத்தில் அவர்தம் மனைவியாரின் கையெலும்பும் விரல் மோதிரமும் தெரிந்தன. உலகம் வியந்தது, கேட்டை உணர்ந்திலது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தம் கையையே கதிரின்முன் நீட்டிக் குழாய்களைச் சோதித்துவந்தார். கைகள் புண்பட்டு வெட்டப்பட்டன. 1904இல் உயிரும் நீங்கிற்று.

1913இல் ஆங்கிலேய இளைஞர் மோஸ்லி, மூலகங்கள் வெளிவிடும் தனிக்கதிர்களுக்கும் அவற்றின் அணுவெண்களுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். செம்பின் கதிர் வேறு, வெள்ளியின் கதிர் வேறு. அந்த அறிவைக் கொண்டே இன்று கைத்துப்பாக்கி போன்ற கருவியொன்று சில நொடிகளிற் காசின் உலோகங்களைக் கூறிவிடுகிறது.

இளைஞர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். பெரிய சிலை கதிரின் பெரும்பகுதியைத் தானே தடுத்துவிடும். சிறு காசோ கருவியின் வாயை முழுதும் மூடாது. கதிர் பக்கங்களால் ஓடும், பட்டுச் சிதறவும் செய்யும். காசு அசையாதிருக்க விரலாற் பிடித்தால், டாலியின் பிழையையே மீண்டும் செய்தவராவோம். தோல் சிவப்பதும் புண்ணாவதும் உடனே தெரியா. நாட்கள் சென்றே தெரியும்.

ஆதலால், சிறு பொருளைக் கவசமிட்ட பெட்டியுள் வைத்து, கருவியைத் தாங்கியிற் பொருத்தி, மூடிய பின்னரே இயக்குதல் வேண்டும். உள்ளங்கையிலோ மடியிலோ வைத்தல் ஆகாது. கருவியின் வாய்க்கு நேரே எவரும் நிற்கலாகாது. தூரம் இருமடங்கானாற் கதிரின் வலிமை காற்பங்காகும். கருவியை நிறுத்தினாற் கதிரும் நின்றுவிடும். காசில் நஞ்சு எதுவும் தங்காது. வீண் அச்சமும் வேண்டா. இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி இத்தகைய கருவிக்கு அனுமதிப்பத்திரம் பெறுதலும், பயிற்சி பெற்றோரே இயக்குதலும் முறையாகும்.

பெரியோர் தம் பேழையிலுள்ள பழங்காசை ஆய்வுக்குத் தரும்போது, "விரலாற் பிடியாதே, தம்பி" என்று ஒரு சொல்லும் சேர்த்துத் தருவாராக. மண் காத்த பொருளை ஆராயும் கைகளும் காக்கப்படல் வேண்டும்.